டயருக்குள் ஆமை

ஒகேனக்கல் மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அவர் ஸ்டியரிங்கிலிருந்து வலது கையை எடுத்துச் சிலுவை போட்டுக்கொள்வார். அந்த நேரத்தில் வண்டி ஒற்றைக் கையில் போகும். அவர் பயந்து சிலுவை போட, அவர் கையை எடுத்ததில் பயந்துபோய் வண்டியில் இருப்பவர்கள் முருகனையும் பெருமாளையும் கூப்பிடுவார்கள். நான் பின்படிக்கட்டில் நின்றுகொண்டு, இந்த ஆளோடு எனக்கு எத்தனை நாளைக்கு எழுதியிருக்கிறதோ என்று தலையில் அடித்துக்கொள்வேன். எழுதியிருந்தது பதினோரு வருஷம்.

அறுபதுகளின் பின்பாதியிலிருந்து எழுபதுகள் வரைக்கும், தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போன ஒரு முதலாளி வண்டியில் அவர் டிரைவர், நான் கண்டக்டர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். ஒல்லியான உடம்பு, காக்கிச் சட்டையின் கழுத்துப் பொத்தானைக்கூட மாட்டியிருப்பார். பயம் என்றால் சும்மா பயமில்லை. டீ வாங்கினால் முதலில் கொஞ்சம் கீழே ஊற்றிப் பல்லி கில்லி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிப் போய்ச் சக்கரத்தின் நட்டுகளைத் தொட்டுப் பார்ப்பார். கேட்டால் ஒரே பதில்தான். "எதுக்கும் ஒருதரம் பாத்துரலாம் தம்பி."

அந்த ஒரு தரம் பார்த்து முடிப்பதற்குள் பின்னால் வருகிற வண்டிக்காரன் எங்களைத் தாண்டிப் போய், அடுத்த ஊரில் எங்கள் ஆட்களை ஏற்றிக்கொள்வான். எனக்கு வயிறு எரியும். வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன். அவர் ஒரு வார்த்தை திருப்பிப் பேசியதில்லை. அத்தனை வருஷம் அந்த மலையில் வண்டி ஓட்டியவர் ஒகேனக்கல் அருவியை ஒருமுறைகூடப் பக்கத்தில் போய்ப் பார்த்ததில்லை. "கொண்டாந்து உடறது என் வேல. அருவியப் பாக்கறது அவங்க வேல" என்று டீக்கடை பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பதினோரு வருஷத்தில் எங்கள் சக்கரத்தில் ஒரு கோழிக்குஞ்சுகூட அடிபட்டதில்லை.

அவருக்கு ஒரே மகள், பெயர் செசிலி. எட்டு வயது முடிந்தும் பள்ளிக்கூடம் போகவில்லை. பென்னாகரத்தில் அவர்கள் வீடு ஒரு சந்துக்குள் இருந்தது. சந்து போய் முட்டுவது மெயின் ரோட்டில். பள்ளிக்கூடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். இந்த ஒரு ரோடுதான் பிரச்சினை. பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரி ஒருவர் இரண்டு தடவை வீட்டுக்கே வந்து கேட்டுவிட்டுப் போனார். "அடுத்த வருசம் பாக்கலாம் சிஸ்டர்" என்று இரண்டு தடவையும் சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் ஒருநாள் சண்டைக்கே போய்விட்டேன். "ஏண்ணே, ஊர்ல இல்லாத புள்ளயா பெத்து வச்சிருக்கீங்க? ஊமச்சி மாதிரி ஜன்னல்ல உக்காந்து போற வர்ற பஸ்ஸ எண்ணிக்கிட்டிருக்குது."

"ஒரு நாளைக்கு நம்ம வண்டி முன்னால எத்தன புள்ளைங்க குறுக்க ஓடுதுன்னு உனக்குத் தெரியாது தம்பி. நீ பின்னால நிக்கற. நான் பிரேக்கப் போடறன். எல்லாரும் போடுவானா?"

அவர் பயம் எல்லாமே இப்படித்தான். சிரிக்கலாம், திட்டலாம். பொய் என்று மட்டும் சொல்ல முடியாது.

ஒரு ஆடி மாதம், மழை விட்டிருந்த காலை. ஒகேனக்கலிலிருந்து ஏறி வந்து, மலைப்பாதை முடிந்து முட்புதர்க் காடு தொடங்கும் இடத்தில் பிரேக் போட்டார். நின்றிருந்தவர்கள் எல்லாம் முன்னால் போய் விழுந்தார்கள். யானை என்று நினைத்து நான் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டேன். அவர் கதவைத் திறந்து இறங்கிப் போய் ரோட்டிலிருந்து எதையோ எடுத்தார். உள்ளங்கை அளவு ஆமை. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக ஓடின. குட்டி.

வண்டிக்குள் ஒரே கூச்சல். கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா எழுந்தே விட்டார். "அய்ய, அத உள்ள ஏத்தாதீங்க சாமி. குடும்பத்துக்கு ஆவாது. காட்டுலயே உட்டுட்டு வாங்க."

அவருக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. ஊரில் எந்தச் சகுனத்துக்கும் பயப்படுகிற ஆள். புதர் வரைக்கும் போனார், திரும்பி வந்தார். "இங்க உட்டா மறுபடி ரோட்டுக்குத்தான் வரும். பின்னால மூங்கில் லாரி வருது" என்றார். இரண்டு பயத்தில் எது பெரியது என்று நடுரோட்டில் நின்று அவர் யோசித்த மாதிரி நான் யாரையும் பார்த்ததில்லை. கடைசியில் லாரிப் பயம்தான் ஜெயித்தது. ஆமையைத் துண்டில் சுற்றி டூல் பாக்ஸில் வைத்தார். அந்தக் கூடைக்கார அம்மா அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார்.

வீட்டில் அவர் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுவேன், அதிகம் பேசாதவர். ஆமையைப் பார்த்ததும் ஒன்றே ஒன்று சொன்னார். "வாசப்படி தாண்டக்கூடாது." சரி, கொல்லையில் வைக்கலாம் என்றானது. அங்கே முருங்கை மரத்தடியில் பழைய பஸ் டயர் ஒன்று கிடந்தது. அதைப் படுக்கப் போட்டு, நடுவில் மண்ணை நிரப்பினோம். ஆமையால் ஏறித் தாண்ட முடியாது. அதுவரை வாயே திறக்காத செசிலி, டயருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, "இது இனிமே எங்கயும் போவாதா சித்தப்பா?" என்று என்னைக் கேட்டாள்.

அப்புறம் நான் செய்ததுதான் பெரிய கூத்து. எங்கள் ஊர் நல்லம்பள்ளிப் பக்கம். புதுக் கிணறு வெட்டினால் தண்ணீரில் பாசி சேராமல் இருக்க ஓர் ஆமையைப் பிடித்து உள்ளே விடுவோம். அது வருஷக்கணக்கில் கிணற்றிலேயே கிடந்து வளரும். ஆமை என்றால் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "மண்ணுல வச்சா எப்படிண்ணே பொழைக்கும்? தண்ணில போடுங்க" என்று மேதாவி மாதிரி சொன்னேன். மாடு தண்ணீர் குடிக்கிற சிமென்டுத் தொட்டி நிரம்பியிருந்தது. நானே தூக்கி அதில் விட்டேன்.

கல்லைப் போட்டது போல நேராக அடிக்குப் போய்விட்டது. நீந்தும், நீந்தும் என்று நான் சொல்லிக்கொண்டே நின்றேன். கால்களைப் போட்டு அடித்தது. அப்புறம் அடிக்கவில்லை. செசிலி தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தபடியே இருந்தாள். அவர்தான் சட்டைக் கையோடு உள்ளே கையை விட்டு எடுத்தார். தலை வெளியே தொங்கியது. தலைகீழாகப் பிடித்தோம், மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்து, நடுவில் விட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்தக் குழந்தை அழவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு பின்னங்கால் மெதுவாக அசைந்தது.

"பொழச்சிக்குமாப்பா?" என்று அவள் கேட்டாள்.

அவர் மூச்சு வாங்கியபடி சொன்னார். "பொழச்சி, நல்லாத் தின்னு, அத நான் கண்ணால பாத்தன்னா உன்னப் பள்ளிக்கூடம் அனுப்பறன் சாமி."

பயத்தில் உளறினாரா, பிழைக்காது என்ற தைரியத்தில் சொன்னாரா, எனக்குத் தெரியாது. ஆனால் செசிலி அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

ஆமை தின்னவில்லை. டயருக்கு உள்பக்கம் ரப்பர் மடங்கி ஒரு குகை மாதிரி இருக்கும் அல்லவா, அதற்குள் போய் ஒடுங்கிக்கொண்டது. அவர் சோறு வைத்தார், பொரி வைத்தார், ஒகேனக்கலிலிருந்து பொடி மீன் கொண்டுவந்து வைத்தார். எதையும் தொடவில்லை. பென்னாகரத்தில் வண்டி பத்து நிமிஷம் நிற்கும். அந்தப் பத்து நிமிஷத்தில் அவர் சந்துக்குள் ஓடுவார். டயருக்குள் கையை விட்டு ஆமையை வெளியே எடுப்பார். ஓட்டைத் தட்டிப் பார்ப்பார், காதருகே வைத்துக் கேட்பார், மோந்து பார்ப்பார். "எதுக்கும் ஒருதரம் பாத்துரலாம்." ஒரு நாளைக்கு எட்டு நடையோ பத்து நடையோ, அத்தனை தரமும் இதுதான். அது தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு கல் போலக் கிடக்கும். அவர் திரும்பி வந்து வண்டியில் ஏறும்போது முகம் செத்துப்போயிருக்கும். "இல்ல தம்பி. இன்னிக்கும் இல்ல."

பரிசல் ஓட்டுகிற ஒருவர் எங்கள் வண்டியில் அடிக்கடி வருவார். அவரிடம் கேட்டோம். கேட்டதும் சிரித்துவிட்டார். "அது காட்டாமைங்க. தண்ணிக்கும் அதுக்கும் ஆவாது. சோறும் திங்காது, மீனும் திங்காது. கீர வைங்க, கள்ளிப்பழம் வைங்க, செம்பருத்தி எல வைங்க. காலைல கொஞ்சம் வெயில் படட்டும். ஓரமா ஒரு தட்டுல துளி தண்ணி போதும்" என்றார். அன்றிலிருந்து எங்கள் வண்டியின் முன் கண்ணாடிக்குக் கீழே எந்நேரமும் ஒரு கீரைக்கட்டு கிடக்கும். அதையும் வைத்துப் பார்த்தார். அவர் போய்ப் பார்க்கிறபோதெல்லாம் வைத்த கீரை வைத்தபடியே இருந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் ஓடியிருக்கும். ஒருநாள் பென்னாகரத்தில் டயர் பஞ்சர். அவர் ஜாக்கி போட்டுக்கொண்டிருந்தார். "தம்பி, நீ போயி ஒருதரம் பாத்துட்டு வா" என்றார். நான் போனேன். கொல்லைக் கதவைத் தள்ளியவன் அப்படியே நின்றுவிட்டேன். ஆமை டயருக்கு நடுவில், வெயிலில், கழுத்தை நீட்டிக் கள்ளிப்பழத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. வாயெல்லாம் சிவப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த செசிலி உதட்டில் விரல் வைத்தாள்.

"எப்பலேர்ந்து திங்குது?" என்று மெல்லக் கேட்டேன்.

"ஒரு வாரமா."

"அப்ப ஏன் அப்பாகிட்ட சொல்லல?"

"அப்பா வந்தா உள்ள போயிடுது சித்தப்பா. அவரு செருப்புச் சத்தம் கேட்டாலே போயிடுது. உங்களயும் என்னயும் பாத்தா போறதில்ல." கடிபட்ட ஓர் இலையைப் பொறுக்கி எடுத்தபடி சொன்னாள். "தின்ன எலய எடுத்துட்டுப் புது எல வச்சிருவன். அப்பாக்குத் தெரியாது. நீங்களும் சொல்லாதீங்க. தன்னப் பாத்துதான் பயப்படுதுன்னு தெரிஞ்சா அழுவாரு."

"சொல்லலன்னா உனக்குப் பள்ளிக்கூடம் இல்லயே கண்ணு."

அவள் தலையைக் குனிந்துகொண்டு டயரின் மண்ணைத் தட்டிச் சமன் செய்தாள். எட்டு வயதுக் குழந்தை.

திரும்பிப் போனதும் அவர் கேட்டார், தின்னுச்சா என்று. இல்லீங்கண்ணே என்றேன். ஊரையே சத்தம் போட்டு ஏற்றி இறக்குகிற எனக்கு, அந்த மனுஷனிடம் உண்மையைச் சொல்லப் பயம். மூன்று நாள் இப்படியே போனது. அவர் ஒவ்வொரு தடவையும் ஓடுவதும், முகம் செத்துத் திரும்புவதும், கீரையை மாற்றிவிட்டு அந்தக் குழந்தை ஜன்னலில் போய் உட்கார்ந்துகொள்வதும் எனக்கு மட்டுமே தெரிந்து, சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் ஒகேனக்கல் டீக்கடையில் வைத்துப் போட்டு உடைத்துவிட்டேன்.

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "என்னப் பாத்தா?" என்றார். "நான் அத ஒண்ணும் பண்ணலயே தம்பி. நல்லாக்கீதான்னுதான பாக்கறன்."

"நல்லாருக்குதான்னுதான் பாக்கறீங்க. ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கைய உட்டு வெளிய இழுக்கறீங்களே. அதுக்கு என்னா தெரியும், தூக்கித் திங்க வந்தவன்னு நெனைக்குது."

பென்னாகரம் வரும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. திட்டினாலும் பரவாயில்லை, இந்த ஆள் இப்படி மௌனமாக வண்டி ஓட்டினால் எங்கே கொண்டுபோய் விடுவாரோ என்று எனக்குக் கிலி பிடித்துவிட்டது. சந்து முனையில் வண்டியை நிறுத்தினார். இறங்கி ஓடவில்லை. திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டார். "செசிலியும் என்னப் பாத்து அப்படித்தான் இருக்குதா?"

நான் டிக்கெட் புத்தகத்தைப் புரட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி ஷெட்டில் நின்றது. மாதா கோயிலில் பூசை முடிந்து அவர் என்னையும் வீட்டுக்கு அழைத்துப்போனார். கையில் ஷெட்டிலிருந்து எடுத்து வந்த ஒரு பழைய சைடு மிரர், ஓரத்தில் விரிசல் விட்டது. அதை முருங்கை மரத்தில் கம்பியால் கட்டினார். செருப்பைக் கழற்றித் தூரமாக வைத்தார். வாளியைக் கவிழ்த்துப் போட்டு, டயருக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்து, கண்ணாடியைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்தார். வருஷக்கணக்கில் பின்னால் வருவதைக் கண்ணாடியில் பார்த்தே பழகிய மனுஷன். எங்கள் யாருக்கும் தோன்றாதது அவருக்குத் தோன்றியிருக்கிறது.

செசிலி ஒரு கள்ளிப்பழத்தை டயரில் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். அண்ணி கொல்லைக் கதவிலேயே நின்றார். வெயில் ஏறியது. ஒன்றும் வரவில்லை. அவர் கை இரண்டு தடவை எழுந்தது, தானே முட்டியில் உட்கார்ந்துகொண்டது. எழுந்து போய்க் கையை விட்டுவிடுவாரோ என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். செசிலி என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் மூக்கு தெரிந்தது. அப்புறம் கழுத்து. நின்றது. பழத்துக்கு வந்தது. கடித்தது.

அவர் முதுகு குலுங்கியது. அழுகிறாரா என்று பார்த்தேன். அழுதுகொண்டுதான் இருந்தார், சத்தம் வராமல்.

"பாத்தீங்களாப்பா?" என்றாள் செசிலி, தாழ்ந்த குரலில்.

"பாத்தன்."

"திரும்பாதீங்க."

"திரும்பல சாமி."

சொன்ன சொல் மாறவில்லை. மறுநாளே பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். முதல் பத்து நாள் அண்ணி கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டி விட்டுவிட்டு வந்தார். அதற்குள் கூடப் படிக்கிற பிள்ளைகள் கேலி செய்கிறார்கள், நான் தனியாகத்தான் போவேன் என்று அவள் பிடிவாதம் பிடித்துவிட்டாள். அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். எங்கள் வண்டி பென்னாகரத்தைத் தாண்டுகிற நேரத்தில்தான் அவள் ரோட்டைத் தாண்ட வேண்டும்.

அந்தக் காலை சந்து முனைக்கு அப்பால் கொஞ்சம் தள்ளி வண்டியை நிறுத்தினார். செசிலி சிலேட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றாள். இந்தப் பக்கம் ஒரு மாட்டு வண்டி போனது. அந்தப் பக்கம் ஒரு லாரி போனது. ரோடு காலியானது. அவள் நகரவில்லை. தலையைத் திருப்பி எங்கள் வண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மறுபடி ஒரு லாரி. மறுபடி ரோடு காலி. வண்டிக்குள் ஆட்கள் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். அவரை இத்தனை வருஷம் பயந்தாங்கொள்ளி என்று திட்டிய எனக்கு இறங்கிப் போய் அவளைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் விட்டுவிட வேண்டும் போல இருந்தது. ஒரு காலைக் கீழே வைத்தும் விட்டேன்.

"தம்பி, ரைட் சொல்லு" என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

"அண்ணே, அவ இன்னும் தாண்டல."

"நம்ம நின்னு பாக்கறவரைக்கும் தாண்டமாட்டா. ரைட் சொல்லு."

விசிலை வாயில் வைத்தேன். எச்சில் இல்லை, காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவைதான் சத்தம் வந்தது. வண்டி நகர்ந்தது. வளைவில் திரும்பும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

தருமபுரி போய்த் திரும்பும்வரை யாருக்கு எந்த ஊருக்கு டிக்கெட் கொடுத்தேன் என்றே எனக்குத் தெரியாது. மத்தியானம் பென்னாகரத்துக்குள் நுழையும்போது நான் முன்பக்கம் போய் அவர் சீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். இருவரும் ரோட்டைத்தான் பார்த்தோம். கூட்டம் ஏதும் இல்லை. சிலேட்டோ செருப்போ எதுவும் கிடக்கவில்லை. ஒரு நாய் படுத்திருந்தது, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்துக்கு நேராக வந்ததும் வேகத்தைக் குறைத்தார். உள்ளே பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இத்தன சத்தத்துல எது நம்ம புள்ளது தம்பி? தெரியலயே" என்றார்.

எனக்கும் தெரியவில்லை. வண்டியை நிறுத்தாமல் போனார்.